பிளக் லைனில் கோளாறு: கண்டுபிடிக்கும் முறை

மளிகைக் கடையில் பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் இயந்திரம் எல்லாமே பிளக் பாயிண்டை நம்பி ஓடுகின்றன. நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் ஒரே பழைய வயரிங். இரவில் கடையைப் பூட்டிய பிறகு பிளக் லைன் டிரிப் ஆனால் பாலும் ஐஸ்கிரீமும் வீணாகும். டிரிப் ஆகாமல் உள்ளேயே புகைந்தால் கடையே வீணாகும். ஆகவே, கோளாறைத் தேடும் முறையை வணிகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் டிரிப் ஆனது எது என்று பாருங்கள். எம்.சி.பி. டிரிப் ஆனால் அளவுக்கு மேல் கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். போட்டவுடன் டிரிப் ஆனால் பெரும்பாலும் ஷார்ட். சற்று நேரம் கழித்து ஆனால் ஓவர்லோடு. டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனால் எங்கோ கரண்ட் கசிகிறது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடு, கடைகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்.

அடுத்து, அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேயிருக்கும். அதன் வழியாகவும் கசிவு ஏற்பட்டு ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகலாம்.

இப்போது மீண்டும் போட்டு நின்றால், கோளாறு பெரும்பாலும் சாதனத்தில்தான். ஒவ்வொன்றாகச் செருகிச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். எதைப் போட்டதும் டிரிப் ஆகிறதோ அதைத் தனியே வைத்துப் பழுது பாருங்கள். தனித்தனியே ஓடி, சேர்ந்தால் டிரிப் ஆனால் கூட்டுத் தொகையைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1,000 வாட் என்பது ஏறத்தாழ 4.3 ஆம்பியர். 2,000 வாட் கீசர், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் கெட்டில் மூன்றும் ஒரே 16 ஆம்பியர் லைனில் ஓடினால் 24 ஆம்பியர் ஆகிவிடும். கசிவும் அப்படியே, பல சாதனங்களில் சிறுகச் சிறுகக் கசிவதும் சேர்ந்து கணக்கில் வரும்.

எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகும் டிரிப் ஆனால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. இனி லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. பேரேடு இடித்தால் எல்லாப் பக்கத்தையும் நாம் புரட்டுவதில்லை. பாதி வரை கூட்டிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் என்று பிரிப்போம். அவரும் அப்படியே செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாக எட்டுப் பாயிண்டுகள் போனால் நடுப் பெட்டியில் பிரித்து, இரு பக்கத்தையும் 500 வோல்ட் மெகரால் சோதித்தால், கெட்ட பக்கத்தில் நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று இடம் அகப்பட்டுவிடும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பகுதி கெட்டது. சுவரை முழுதும் உடைக்க வேண்டியதில்லை.

மளிகைக் கடையில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. உப்பு மூட்டை சாய்ந்திருக்கும் சுவர், எலி நடமாடும் மூலை, ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து நீர் வடியும் தரை, ரேக் மாட்ட ஆணி அடித்த இடம் ஆகியவை அவை. மழை பெய்தால் மட்டும் டிரிப் ஆனால் நனையும் சுவரையும், வெளியே உள்ள பெயர்ப் பலகை விளக்கையும் பாருங்கள்.

எதுவும் டிரிப் ஆகாமல் பிளக் சுடுவதும், பாயிண்ட் பழுப்பேறுவதும், கருகல் வாடை வருவதும்தான் மிக ஆபத்து. அது லூஸ் கனெக்‌ஷன். சாதாரண எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் அதைக் கண்டுபிடிக்க மாட்டா. அந்தப் பாயிண்டை உடனே நிறுத்தி, புதிது மாற்றச் சொல்லுங்கள். சுவிட்ச் போட்ட நிலையில், சாதனம் ஓடாமல், இரு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கக்கூடும்.

போர்டைத் திறக்கும் முன் மெயினுடன் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயின் அணைந்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது.

வியாபார நேரத்தில் அவசரப்பட்டு பியூஸில் தடித்த கம்பி கட்டுவதும், ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரே இணைப்பதும் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகாவிட்டால் ஆளை அழைத்துச் சோதியுங்கள்.

எந்த எம்.சி.பி. எந்தப் பாயிண்டுக்கு என்று எழுதி போர்டின் மேல் ஒட்டுங்கள். டிரிப் ஆன நேரம், அப்போது ஓடிய சாதனங்கள், மழை இருந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் எலக்ட்ரீஷியனின் வேலையும் குறையும், நம் செலவும் குறையும்.