திமிங்கிலத்தின் வழியும் கப்பலின் வழியும்

கல்கிசைக் கடற்கரையில் மாலைதோறும் உலாவுவது எனக்கு நெடுநாளைய வழக்கம். வடக்கே, கொழும்புத் துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை காத்துநிற்கும் கப்பல்கள் அடிவானிற் தென்படும். துறைமுகத்திற் பணிபுரியும் என் தம்பி உடன்வரும் நாள்களில் அவற்றைப் பற்றியே பேச்சு நிகழும்.

2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அத்துறைமுகத்தினுள் வந்த ஒரு கொள்கலக் கப்பலின் முன்புறத்தில், அதாவது அணியத்தில், நீலத் திமிங்கிலம் ஒன்று இறந்து வளைந்து கிடந்தது. அப்படத்தைக் கண்ட நாள்முதல் அக்காட்சி என் மனத்தை விட்டகலவில்லை. 'திமி' என்னும் பெருமீனையும் விழுங்குவது திமிங்கிலம் என்பது நிகண்டு கற்றோர் அறிந்த பொருள். அத்தகைய உயிரையும் வீழ்த்த வல்லது மனிதன் மிதக்கவிட்ட இரும்பு.

நீலத் திமிங்கிலங்கள் பல, துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்குமாக ஆண்டுதோறும் நெடும்பயணம் செய்வன. இலங்கைக் கடலில் வாழ்பவையோ துருவம் நோக்கிச் செல்வதில்லை. வெப்பக் கடலிலேயே இரைதேடி வாழ்கின்றன. இதனை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் நம் நாட்டுக் கடலுயிரியல் அறிஞர் ஆஷா டி வோஸ். மிரிசைக்கும் தேவேந்திரமுனைக்கும் அப்பால், கடலடி திடீரென ஆழ்ந்து இறங்கும் இடத்தில் அவற்றுக்கு இரை மிகுதி. கீழைத்தேயத்தையும் மேலைத்தேயத்தையும் இணைக்கும் பெருங் கப்பற்பாதையும் அவ்விடத்தின் மீதே செல்கிறது.

அப்பாதை பழமையானது. சீனக் கடற்தளபதி செங் ஹோ, தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைத் தமிழிற் கூறும் 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டைக் கொழும்பு அருங்காட்சியகத்திற் காணலாம். அன்று காற்றை நம்பி ஓடின மரக்கலங்கள். இன்றைய கப்பலின் வேகமும் பருமனும் வேறு.

வேகத்தைக் குறைப்பது ஒரு பரிகாரம். அமெரிக்கா 2008இல், அருகிவரும் வட அத்திலாந்திக் திமிங்கிலம் ஒன்றைக் காக்கும்பொருட்டு, 65 அடிக்குக் குறையாத கப்பல்கள் குறித்த இடங்களிற் குறித்த பருவங்களில் மணிக்கு 10 கடல்மைலுக்கு மேற் செல்லலாகாதென விதித்தது. மெல்லச் செல்லும் கப்பல் மோதினும் உயிர் தப்பும் வாய்ப்பு மிகும்.

இதை நான் சொன்னபோது தம்பி சிரித்தான்.

"அண்ணை, கப்பல் மெல்லப் போனால் முறை தவறிப்போகும். பிறகு இஞ்சை ஆர் வருவினம்? எங்கட வீட்டுச் சோறும் அந்தக் கப்பலாலை வாறதுதானே?"

அவன் சொன்னதிலும் நியாயமுண்டு. 60 கடல்மைல் தூரத்தை மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் 3 மணி நேரத்திற் கடக்கும் கப்பலுக்கு, 10 கடல்மைல் வேகத்தில் 6 மணி நேரம் வேண்டும். எரிபொருள் மிஞ்சினும் காலம் மிஞ்சாது.

ஆயின் நம் கடலில் வேறொரு வழியும் உண்டு. பாதையை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையுமென 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பனி 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலக்கிச் செலுத்தலாயிற்று. வங்கக் கடலிற் சுற்றிவரும் தன் சிறு கப்பல்களின் வேகத்தை 10 கடல்மைலுக்குக் கீழே குறைக்கவும் செய்தது. இலாபம் நாடும் நிறுவனமொன்றுக்கு இயன்றது மற்றவற்றுக்கு இயலாதா?

காலிக்கு அப்பால் செல்லும் கப்பல்களுக்குப் படகிற் பொருள் கொண்டுசெல்வோருக்குத் தூரம் கூடுமே என்றான் தம்பி. உண்மை, அவர்தம் இழப்பையும் கணக்கிட்டே தீரவேண்டும். ஆனால் கரையோரம் மீன்பிடிக்கும் எளியோரின் படகுகளும் பெருங் கப்பல்களின் வழியிலிருந்து விலகும் என்பதை அக்கணக்கில் விடலாகாது. கொழும்பை நாடிவரும் கப்பலோ எப்பாதையில் வரினும் இங்கு வந்தே தீரும்.

பாதையை முறைப்படி மாற்றும் அதிகாரம் சர்வதேசக் கடல்சார் நிறுவனத்துக்கு உரியது. எனினும் வேண்டுகோள் இலங்கை அரசிடமிருந்தே செல்லவேண்டும். கப்பலுக்குச் சற்று விலகிச் செல்ல இடமுண்டு. அத்திமிங்கிலத்துக்கோ இரை இருக்கும் இடம் அதுவே. விலகக் கூடியது எதுவோ அதுவன்றோ விலகவேண்டும்?

அன்று வீடு திரும்பும்போது தம்பி ஒன்றும் பேசவில்லை. வாசலை அடைந்ததும், "பதினைந்து மைல் எண்டால் பெரிய தூரமில்லைத்தான், அண்ணை" என்றான்.