இரவு இரண்டு மணிக்கு விடியும் வீடு

இரவு இரண்டு மணி. அப்பா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு இருட்டில் தாழ்ப்பாளைத் தடவுகிறார். கேட்டால், "ஆபீசுக்கு நேரமாச்சு" என்கிறார். ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. "பகலெல்லாம் தூங்கிட்டு ராத்திரியில உயிரை வாங்குறார்" என்று வீட்டில் யாரோ சலித்துக்கொள்கிறார்கள். பல மாதங்களாகத் தூக்கம் கெட்டவர்களின் அந்தச் சலிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை; அது அல்சைமர் என்னும் மறதிநோயின் வேலை.

1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்டே டீட்டர்தான் அல்சைமர் நோயின் முதல் நோயாளியாக வரலாற்றில் இடம்பெற்றவர். அவருக்கு அப்போது வயது 51. படுக்கையை இழுத்துக்கொண்டு அலைவார், கணவரையும் மகளையும் கூப்பிடுவார் என்று டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் எழுதிவைத்தார். நம் வீடுகளிலும் அதே அலைச்சல்தான்.

கெட்டுப்போன கடிகாரம்

மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு இது பகல், இது இரவு என்று உடம்புக்குச் சொல்லும் கடிகாரம் அதுதான். அல்சைமர் நோய் அந்த அணுக்களையும் அழிக்கிறது. இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் குறைகிறது. ஆழ்ந்த உறக்கமும் குறைகிறது. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், மிச்சமிருக்கும் கடிகாரத்துக்கும் வேலை இல்லாமல் போகிறது.

பொழுது சாயும்போது

சிலருக்குச் சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கே பதற்றம் தொடங்கிவிடும். "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். "இதுதானேம்மா உங்க வீடு" என்று வாதாடினால் கோபம்தான் கூடும். "போகலாம்மா, முதல்ல பால் குடிங்க" என்பது பல நேரம் பலிக்கும். வெளிச்சம் மங்குவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். நிழல்கூட அவர்களுக்கு ஆளாகத் தெரியும்.

மாத்திரைக்கு முன்

திடீரென்று இரண்டு மூன்று நாளில் நிலைமை மோசமானால், அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி எதுவும் காரணமாக இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் எழுந்து நடக்கத்தான் செய்வார். பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மறதிக்குக் கொடுக்கும் டோனபெசில் மாத்திரையை இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும். காலையில் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையைப் பற்றியும் இதையே கேட்க வேண்டும்.

"சளி மாத்திரை ஒண்ணு குடுத்தா நல்லா தூங்குவார்" என்று மருந்துக்கடையில் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகள் மூளையில் அசிடைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. டோனபெசில் தருவதோ அதே பொருளைக் கூட்டுவதற்கு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கதை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும், கீழே விழவைக்கும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள். மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோரின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. தவிர்க்க முடியாத நிலையில் மருத்துவர் எழுதித்தந்தால், எத்தனை நாளுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பழகிவிட்ட தூக்க மாத்திரையை நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

பகலைச் சரிசெய்தால்

காலையில் அரை மணி நேரமாவது வெளியே வெயிலில் நடக்கவோ உட்காரவோ வையுங்கள். மதியத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். கை சும்மா இருக்கக் கூடாது: கீரை ஆயலாம், பூ கட்டலாம், துணி மடிக்கலாம். சரியாக மடிந்ததா என்று பார்க்காதீர்கள்.

இரவில் கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வாசல் கதவில் மணி கட்டுங்கள். உள்ளே தனியாக வைத்துப் பூட்டுவது மட்டும் கூடாது. தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது.

பார்த்துக்கொள்பவரின் தூக்கம்

பெரும்பாலும் ஒரே ஆள்தான் விழித்திருக்கிறார்: மனைவி, மகள் அல்லது மருமகள். வாரத்தில் இரண்டு இரவாவது இன்னொருவர் அந்த அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அந்த இரண்டு இரவுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று குறித்துவைத்த தாளிலேயே, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.