கவாத்து: காவிரிப் படுகையில் பெருமரங்களைக் கழிக்கும் முறை

கவாத்து என்பது மரத்தின் காய்ந்த, நோயுற்ற, இடைஞ்சலான கிளைகளை மரத்துக்குக் கேடு வராமல் நீக்குவது. தஞ்சை வட்டாரப் பேச்சில் இது ‘கிளை கழித்தல்’. மா, கொய்யா போன்றவற்றைக் காய்ப்புக்காகக் கவாத்து செய்வது பற்றித் தோட்டக்கலை நூல்கள் நிறையச் சொல்கின்றன. வீட்டோரத்திலும் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் வேம்பு, புங்கன், புளி, தூங்குமூஞ்சி போன்ற பெருமரங்களை எப்படிக் கழிப்பது என்பது குறித்துத் தமிழில் எழுதப்பட்டது குறைவு. மேலைநாடுகளில் இது பயிற்சியும் சான்றிதழும் உள்ள தனித் தொழில். நம் ஊரில் அரிவாளும் கயிறும் துணிச்சலும் உள்ளவர் இந்த வேலையைச் செய்கிறார். வேலை சொல்பவருக்கும் செய்பவருக்கும் சில அடிப்படைகள் தெரிந்திருந்தால் மரமும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

மொட்டையடிப்பதால் வரும் கேடு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு வீட்டோர மரம் என்றாலே அச்சம் வருவது இயல்பு. ஐப்பசி மழைக்கு முன்பே மரத்தின் தலையை முழுதாக வெட்டி, அடிமரத்தை மட்டும் தூண்போல் நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த வேலை சில ஆண்டுகளில் அதே மரத்தை முன்னிலும் ஆபத்தானதாக்குகிறது.

காரணம் இதுதான். இலை மரத்தின் சமையலறை. எல்லா இலையும் போனதும் மரம் சேமிப்பைச் செலவழித்து, வெட்டிய இடத்தைச் சுற்றி நிறையத் தளிர்களை விடுகிறது. இயல்பாக வளர்ந்த கிளையின் அடி தண்டுக்குள் ஆழமாகப் பிணைந்திருக்கும். இந்தத் தளிர்களோ மேல்பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் பிடித்திருக்கும். அவை ஐந்தாறு ஆண்டுகளில் தொடை கனத்துக்கு வளரும். அதற்குள் கீழே வெட்டுவாய் உளுத்திருக்கும். அடுத்த புயலில் முதலில் முறிவது இந்தக் கிளைகளே. பட்டினியால் வேர்களின் ஒரு பகுதியும் செத்துப்போகிறது. வடகிழக்குப் பருவமழையில் படுகையின் வண்டல் மண் சேறாகி வேரின் பிடி தளரும் நேரத்தில் அந்த இழப்பு தெரியவரும்.

காற்றுக்கு வழிவிட வேண்டுமானால் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, கூரைமேல் சாய்ந்த கிளை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். ஓர் ஆண்டில் பச்சை இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். முதிர்ந்த மரத்துக்கு அதுவும் அதிகம். ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் அடைமழைக்கு முன் வெட்டுவாய் சற்றேனும் உலர நாளிருக்கும்.

வேரையும் மறக்கக் கூடாது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கிறது. சாலை விரிவாக்கத்திலோ குழாய் பதிப்பிலோ ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, மரம் விழுந்தபின் காற்றைக் குறை சொல்வது வாடிக்கையாகிவிட்டது. அடிமரம் வரை சிமெண்ட் போடுவதும் இதே வகைக் கேடு. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு உத்தரவிட்டது. நம் தெருக்களுக்கும் அது பொருந்தும்.

எங்கே வெட்டுவது

நம் தோலில் பட்ட காயம் புதுத் தோல் வளர்ந்து ஆறுகிறது. மரத்தின் காயம் அப்படி ஆறுவதில்லை. மரம் காயம்பட்ட பகுதியைச் சுற்றி வேதிப்பொருள்களால் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். உலகெங்கும் கவாத்து முறை மாறியதற்கு அவருடைய ஆய்வு முக்கியக் காரணம்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு இருக்கும். வேம்பில் அதை எளிதாகப் பார்க்கலாம். மாணவர்கள் பள்ளி வளாகத்து மரத்திலேயே தேடிப் பார்க்கட்டும். சுவர் எழுப்பும் ஆற்றல் உள்ள திசு அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. ஆகவே வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். ‘சுத்தமாக’ இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட வழித்தால் புடைப்பும் போய்விடும், அழுகல் நடுமரத்துக்குள் இறங்கும். ஓரடி நீளத்துக்கு முளைபோல் விட்டுவைத்தாலும் தவறு. அந்த முளை காய்ந்து, கறையானுக்கும் பூஞ்சைக்கும் வாசலாகும்.

கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்குவார்கள். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் முறிந்து விழும். மூன்றாவதாக, மிஞ்சிய முளையைப் புடைப்புக்கு வெளியே அறுத்து எடுக்க வேண்டும். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் வெட்டினால், விழும் கிளை தண்டின் பட்டையை முழ நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போகும். அந்தக் காயத்தை மரம் மூடவே பல ஆண்டுகள் ஆகும்.

வெட்டுவாயில் தாரோ பெயிண்ட்டோ பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் ஷைகோவின் முடிவு. பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குத்தான் வசதி.

தென்னை வேறு சாதி

மேலே சொன்னவை தென்னைக்கும் பனைக்கும் பொருந்தா. இவை ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் இவற்றில் இல்லாததால், தண்டில் பட்ட காயம் மூடுவதே இல்லை. ஏறுவதற்கு வசதியாகத் தென்னையில் படி வெட்டுகிறார்களே, அந்தப் படிகள் மரம் உள்ளவரை திறந்த புண்கள். புண்ணின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைவது வெளியே தெரிவதற்குள் மரம் கைவிட்டுப் போய்விடும். தென்னைக் காயத்தில் தார் பூசச் சொல்வது வண்டு முட்டையிடாமல் தடுப்பதற்காக. மற்ற மரங்களுக்குச் சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பதே நல்லது. வெட்டியே தீர வேண்டுமென்றால் தண்டிலிருந்து சுமார் 120 செ.மீ. தள்ளி வெட்ட வேளாண் துறையினர் பரிந்துரைக்கிறார்கள். புயலுக்கு முன் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குவது கொண்டையின் பாரத்தைக் குறைக்கும்.

அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்தால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்று ஐயப்பட வேண்டும். 1952 புயலுக்குப் பின் இம்மாவட்டத்தில் கடுமையாகத் தலைகாட்டியதால் இந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சையே காரணம். அது மண்ணிலும் செத்த வேரிலும் தங்கியிருந்து அடுத்த மரத்துக்குப் போகிறது. ஆகவே பட்டுப்போன மரத்தை வெட்டுபவர் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்து எரித்தால்தான் வேலை முடிந்தது. நோயுள்ள மரத்தின் பாத்தியிலிருந்து தண்ணீர் மற்ற மரங்களுக்குப் பாயவிடக் கூடாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடச் சொல்வார்கள்.

கருவிகளும் உயிர்ப் பாதுகாப்பும்

அரிவாளைவிட வளைந்த கைரம்பம் நல்லது. அரிவாள் வெட்டு சிதறும், ரம்பத்தின் அறுப்பு வழுவழுப்பாக இருக்கும். மரத்தில் ஏறுபவருக்கு இடுப்புக் கச்சையும், உடலைக் கிளையோடு பிணைக்கும் தனிக் கயிறும், ஹெல்மெட்டும் கட்டாயம். ஏறும் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறாக இருக்க வேண்டும். கிணற்றுத் தாம்புக்கயிறு இரண்டுக்கும் உதவாது. தென்னைக்குத் தளைக்கயிற்றுக்கு மாற்றாக, கேரளத்தின் செம்பேரியில் உருவான ஏறுகருவி பரவலாகியிருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சியோடு ஏறுகருவியும் தந்தார்கள்.

பெட்ரோல் சங்கிலி ரம்பம் வந்தபின் வேலை விரைவாகிவிட்டது, காயமும் பெரிதாகிவிட்டது. அதன் பட்டையின் நுனி மேற்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே நுனியால் அறுக்கக் கூடாது, ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது, தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. கால்களைக் காக்கும் தடித்த காற்சட்டை நம் வெயிலுக்குக் கொடுமைதான். அதற்காகக் கைலியோடும் வெறுங்காலோடும் ரம்பம் பிடிப்பதை ஏற்க முடியாது.

வேரோடு சாய்ந்த மரத்தை அறுக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. தண்டை அறுத்ததும் பாரம் நீங்கி, மண்ணோடு பெயர்ந்து நிற்கும் அடிமரம் சட்டென்று பழைய குழிக்குள் திரும்ப விழலாம். அந்தக் குழியில் சிறுவர்கள் இறங்கி விளையாடுவதைப் புயலுக்குப்பின் பார்க்கிறோம். அறுக்கத் தொடங்குமுன் குழியருகில் ஒருவரும் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மின்கம்பி அருகில் வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தி, லைன்மேன் வந்து உறுதி செய்தபின்தான் ஏற வேண்டும். ‘கரண்ட் இல்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போதாது. பச்சைக் கிளையும் நனைந்த மூங்கில் தொரட்டியும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யாரிடம் அனுமதி

மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி. சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ உரியது. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மரங்களுக்கு நீர்வளத் துறையைக் கேட்க வேண்டும். நம் வீட்டு வாசலில் நிற்பதால் அது நம் மரமாகிவிடாது. பொது நிலத்து மரத்தை வெட்டும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. புறம்போக்கு மரத்துக்கு 2சி மரப்பட்டா வைத்திருப்பவர் காய், பழம் போன்ற பலனை அனுபவிக்கலாம். மரத்தையே வெட்டிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

சொந்தப் பட்டா நிலமானாலும் சந்தனத்துக்கு வனத்துறையையும், பனைக்கு ஆட்சியரையும் அணுக வேண்டும். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021இல் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கொக்கும் நீர்க்காகமும் கூடு வைத்திருக்கும் புளியமரத்தைக் கழிப்பதானால் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்க வேண்டும். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலாகவே கருதுகிறது.

மரம் ஏறுபவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று வேலைக்கு அழைப்பவர் கேட்பதில்லை. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேரா சுரக்ஷா’ விபத்துக் காப்பீடு உண்டு. பனைத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. கூலி பேசும்போதே இதையும் கேட்டு, பதியாதவர் என்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது படித்தவர் ஒருவருக்கு அரை மணி நேர வேலை.