அப்பளம் வளையும், ரோட்டரும் வளையும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், விக்கிரவாண்டி தாண்டியதும் முண்டியம்பாக்கம். அங்கே ராஜஸ்ரீ சர்க்கரை ஆலை. பிழிந்த கரும்பின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் சக்கையாக மிஞ்சும். அதில் பாதி ஈரம். அந்தச் சக்கைதான் பாய்லருக்கு விறகு. பாய்லரின் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும். வீரியம் தணிந்து வெளியே வரும் ஆவி கரும்புச்சாற்றைக் காய்ச்சப் போகும். மண்ணடுப்பின் பெரிய கண்ணில் சோறு கொதிக்க, மிஞ்சிய அனலில் கொடியடுப்பில் குழம்பு சுண்டுமே, அந்த ஏற்பாடுதான்.

புது டர்பைன் வந்து இறங்கினால், அதை முதன்முதலில் ஓட்டி ஆலையிடம் ஒப்படைப்பவர் கமிஷனிங் இன்ஜினீயர். பொத்தானை அழுத்துவதுதான் அவர் வேலை என்று நினைப்போம். உண்மையில் அவருடைய நாட்களில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதில் போகிறது.

பாட்டி சாம்பலையும் புளியையும் எதற்கு வைத்திருந்தாள்? சாம்பல் காரம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். புளி அமிலம், களிம்பை எடுக்கும். புது பாய்லரிலும் முதலில் காரக் கரைசலைக் கொதிக்க விடுவார்கள்; பெரிய பாய்லர் என்றால் பிறகு அமிலக் கழுவலும் உண்டு. டர்பைன் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெயையோ சூடாக்கி, நாள்கணக்கில் சுற்ற விட்டு வடிகட்டுவார்கள். புளிக்கரைசலில் ஒரு கோது தப்பினால் ரசம்தான் கெடும். இங்கே ஒரு மணல்துகள் தப்பினால் தண்டே கீறிப் போகும்.

அடுத்தது ஸ்டீம் ப்ளோ. டர்பைனுக்குள் ஆவி போகாதபடி இணைப்பைத் துண்டித்துவிட்டு, தற்காலிகக் குழாய் வழியாக ஆவியை வானத்தில் பீய்ச்சுவார்கள். வெல்டிங் துணுக்கு ஒன்று குழாயில் தங்கிவிட்டால், ஓடும் டர்பைனின் இறக்கைக்கு அது தோட்டா. ஒருமுறை ஊதி, ஆற விட்டு, மறுபடி ஊதுவார்கள். சூடேறி ஆறும்போது இரும்பு விரிந்து சுருங்குவதால், உள்ளே ஒட்டிய பொருக்கு விட்டுக்கொடுக்கும். சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? குழாயின் வாயில் பளபளப்பான உலோகத் தகடு ஒன்றை வைத்து, ஊதியபின் அதில் விழுந்த குழிகளை எண்ணுவார்கள். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் தேடும் அதே கண். எண்ணிக்கை ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறையும்வரை ஊதல் நிற்காது. அந்த ஓசை வெகுதூரம் கேட்கும் என்பதால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.

ஆவி காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். இட்லிப் பானை மூடியில் கோத்த நீர் சொட்டினால் இட்லி சொதசொதக்கும்; டர்பைனில் அதே சொட்டுகள் இறக்கையை அரித்துவிடும். அதனால் ஆவியைக் கொதிநிலைக்கு மேலும் சூடேற்றுவார்கள். குழாய்களின் தாழ்வான இடங்களில் தேங்கும் நீரை வடித்த பிறகே உள்ளே விடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். அப்பளத்தைத் தணலில் ஒரே பக்கம் காட்டினால் சுருண்டுவிடும், திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டர்பைனுக்குள் சுழலும், டன் கணக்கில் எடையுள்ள ரோட்டருக்கும் அதே சுபாவம். சும்மா நிற்கும்போது சூடு மேலே தங்க, மேல்பக்கம் நீண்டு, தண்டு வில்லாக வளையும். மில்லிமீட்டரில் சிறு பங்கு வளைந்தாலே அதிர்வு தாங்காது. எனவே ஆவி நுழைவதற்கு முன்பும், ஓடி நின்ற பிறகு உடல் ஆறும்வரையும், பாரிங் கியர் என்ற சிறு மோட்டார் அமைப்பு அதை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

வேகத்தையும் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தண்டு உதறும். நிற்கப் போகும் மிக்ஸி ஒரு நொடி உடம்பெல்லாம் ஆடுமே, அதுபோல. அங்கே தயங்காமல் கடந்துவிட வேண்டும். பிறகு காவல் சோதனை. குக்கரின் பாதுகாப்பு வால்வை வேண்டுமென்றே வெடிக்க வைத்து நாம் பார்ப்பதில்லை. கமிஷனிங் இன்ஜினீயரோ நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டிய எந்திரத்தை 3300 வரை தெரிந்தே ஏற்றி, ஆவி தானாக அடைபடுகிறதா என்று பார்ப்பார்.

கடைசியில் மின்தொடரில் சேர்ப்பது. இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிக்கும் உரலில் மூன்றாவது உலக்கை நுழைவதைப் பார்த்திருக்கிறீர்களா? தாளம் பிடிபடும்வரை கை காத்திருக்கும். தொடரின் துடிப்பு நொடிக்கு 50. எந்திரத்தின் துடிப்பும் அதனோடு ஒன்றும் கணத்தில், இரண்டையும் இணைக்கும் பிரேக்கர் மூடும். அந்தப் பக்கம் சாறு காய்ச்சும் கலங்களுக்கு ஆவி போய்க்கொண்டிருக்கும்.