தள்ளுபடிக் காலத்தில் கணினி விளையாட்டுகள்: தேர்ந்தெடுக்கும் முறை

கணினி விளையாட்டு இன்று உலகளாவிய பெருவணிகமாக வளர்ந்து நிற்கின்றது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்டீம்’ என்னும் இணையவழிக் கடை அவ்வணிகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாகும். இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்களில் அங்குப் பெருந்தள்ளுபடி அறிவிக்கப்படுகின்றது. அக்காலத்தில் எதனைக் கொள்வது, எதனை விடுப்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

விலை குறைவது ஏன்?

துணியோ பாத்திரமோ விற்றால் கடையின் சரக்குக் குறையும். கணினி விளையாட்டு அத்தகையதன்று. ஒருமுறை உருவாக்கியபின், மேலும் ஒரு படியை விற்க ஆகும் செலவு மிகச் சிறிதே. ஆதலின், முழு விலை கொடுப்போர் வாங்கி முடித்தபின், விலையைக் குறைத்துப் பிறரையும் வாங்கச் செய்வது விற்பவர்க்கு இலாபமே. இன்று குறைந்த விலை அடுத்த பருவத்திலும் பெரும்பாலும் குறையும். சில மணி நேரமே நீடித்த ‘மின்னல் தள்ளுபடி’ முறையையும் ஸ்டீம் 2015ஆம் ஆண்டின் இறுதியில் கைவிட்டது. எனவே, பதற்றம் வேண்டுவதில்லை.

ஒரு கணக்கு

2000 ரூபாய் விலையுள்ள விளையாட்டு 75 விழுக்காடு தள்ளுபடியில் 500 ரூபாய்க்குக் கிடைக்கின்றது எனக் கொள்வோம். ஒரு மாணவர் அத்தகைய ஐந்தினை 2500 ரூபாய்க்கு வாங்கி, ஒன்றை மட்டுமே ஆடினால், அந்த ஒன்றின் உண்மை விலை 2500 ரூபாய் ஆகும். முழு விலைக்கே அதனை வாங்கியிருப்பின் 500 ரூபாய் மிஞ்சியிருக்கும். தள்ளுபடி அவருக்கு இலாபம் அன்று, இழப்பே.

தேர்வு நெறிகள்

முதலாவது, தள்ளுபடி தொடங்குமுன்னரே வேண்டுவனவற்றைப் பட்டியலிட்டு, செலவிற்கு வரம்பு கட்டிக்கொள்ளுதல். இரண்டாவது, தம் கணினியின் நினைவகமும் வரைகலைத் திறனும் அவ்விளையாட்டிற்குப் போதுமா எனப் பார்த்தல். மூன்றாவது, விலை வரலாற்றைக் காட்டும் தளங்களில் முந்தைய குறைந்த விலையை ஒப்பிடுதல். நான்காவது, வாங்கியதை உடனே ஆடிப் பார்த்தல். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். வணிகத்தை முறித்துக்கொள்ள இஸ்லாமியச் சட்டம் வழங்கும் ‘கியார்’ என்னும் உரிமையை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு புதிதாகத் தோன்றாது.

வாங்குவது எதனை?

பணம் செலுத்துவோர் பெறுவது பொருளன்று. பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் வழங்கிக் கணினிகள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கியோரும் அதனை ஆட இயலாது போயிற்று. ஆதலின் என்றேனும் ஆடலாம் என வாங்கிச் சேர்த்து வைப்பது அறிவுடைமை ஆகாது. இணைய இணைப்பின்றியும் ஆடக்கூடியதா என முன்னரே அறிதல் நலம்.

முடிவுரை

‘இஸ்ராஃப்’ எனப்படும் வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கின்றது. அது பணத்திற்கு மட்டுமன்றிக் காலத்திற்கும் பொருந்தும். பணத்தில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்யும் கடைக்காரர் எவரும் ஆடுவோரின் நேரத்தில் ஒரு நொடியையும் தள்ளுபடி செய்வதில்லை. இந்தத் தேர்வு முடியும்வரை, இந்த விடுமுறைக்குள், உண்மையில் ஆடுவதற்கு எத்தனை மணி நேரம் உண்டு என எண்ணிய பின்னரே மாணவர் விலையைப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணித் தேர்ந்த ஒரு விளையாட்டு, எண்ணாது குவித்த பத்தினும் மேலானதாகும்.