உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சைச் சொறியின் பூர்வீகம்

★ புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சையில் சில பழங்களின் தோல் தக்கை மாதிரி பொருக்குத் தட்டிக் கிடக்கும். சொறி நோய் அது. காரணம் 'சாந்தோமோனாஸ் சிட்ரி' என்ற பாக்டீரியா.

★ அது வெளிநாட்டுச் சரக்கு அல்ல. சொறிக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய தடயம், 1827–31இல் டேராடூன் பகுதியில் பறித்துக் காயவைத்த நார்த்தை இலை. அந்த இலை இப்போது இருப்பதோ லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில்!

★ மொரீஷியஸ் தீவில் 1937இல் சேகரித்த காய்ந்த மாதிரி ஒன்றிலிருந்து இந்தப் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை பிரெஞ்சு ஆய்வாளர்கள் மீட்டெடுத்து 2021இல் வெளியிட்டார்கள். இன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, இடையில் சேர்ந்த மரபணு மாற்றங்களை வைத்துக் காலத்தைக் கணித்தார்கள். மொரீஷியஸுக்கும் அதன் பக்கத்துத் தீவுகளுக்கும் சொறி போனது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் என்று தெரிந்தது. மொரீஷியஸில் அடிமை முறை 1835இல் ஒழிந்து, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போன காலம் அது. தமிழர்களும் போனார்கள். ஆட்களோடு செடியும் காயும் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். யாருடைய மூட்டையில் என்று மரபணு சொல்லாது!

★ கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி. பருத்தி இலையில் கோணல் கோணலாகப் புள்ளி விழுந்து தண்டும் கறுத்துப்போகிறதே, அந்தக் கருகல் நோய்க் கிருமியும் சாந்தோமோனாஸ் சிட்ரி இனத்திலேயே ஒரு பிரிவு என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது. மாங்காயில் கரும்புள்ளி போடுவதும் இதே கூட்டம்தான். கே.சி. பருத்தி ரகங்களைத் தந்த கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குப் பழகிய எதிரி, எலுமிச்சைக்காரரின் எதிரிக்குப் பங்காளி. ஆனாலும் ஒன்றின் செடியில் மற்றொன்று நோய் உண்டாக்காது.

★ பொருக்கு எப்படி வருகிறது? பாக்டீரியா ஊசி போடுவதுபோல ஒரு புரதத்தை இலையின் செல்லுக்குள் செலுத்துகிறது. அது செடியின் ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்து முடுக்கிவிடும். செல்கள் வீங்கிப் பெருகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இவ்வகைப் புரதங்கள் மரபணு எழுத்துகளை அடையாளம் காணும் விதி 2009இல் புரிந்தது. விதி தெரிந்ததும் விரும்பிய இடத்தில் மரபணுவை வெட்டும் கருவியைச் செய்துவிட்டார்கள். 2015இல் லண்டனில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தைக்கு, அக்கருவியால் திருத்திய செல்களைச் செலுத்தி வைத்தியம் பார்த்தார்கள். செடிக்குச் சொறி தந்த வித்தை!

★ சாந்தோமோனாஸின் மரபணுத்தொகுதியில் சுமார் 52 லட்சம் எழுத்துகள். 2002இல் பிரேசில் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். ஆரஞ்சு மரத்தையே சாகடிக்கும் 'பச்சையாதல்' நோயோடு தொடர்புள்ள லிபெரிபாக்டர் கிருமிக்கோ 12 லட்சம்தான். செடியையும் பூச்சியையும் அண்டியே வாழ்ந்து பல மரபணுக்களை இழந்துவிட்ட கிருமி அது. அதைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும்.

★ சொறி பரவ ஈர இலையும் காற்றோடு அடிக்கும் மழையும் வேண்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடுதல் கவனம் தேவை. நோய்பட்ட கிளைகளை வெயில் காலத்திலேயே கவாத்து செய்து எரித்துவிடுவது நல்லது.

★ சொறி தோலோடு நிற்கும். மனிதருக்கு ஒட்டாது. பழம் அழுகாமல் இருந்தால், விலை குறைத்துக் கேட்டுத் தயங்காமல் வாங்குங்கள். ஊறுகாய்க்கு மட்டும் வழவழப்பான பழமாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.