கொத்மலை ஏற்றமும் சைக்கிள் சுமையும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டரில். இரண்டுக்கும் இடையே வீதி வழியாக 80 கிலோமீட்டருக்கும் குறைவு. கம்பளையைத் தாண்டியதும் ஏ5 வீதி மலையைப் பிடித்துக்கொள்கிறது. புசல்லாவை, தவலந்தென்ன, இறம்பொடை, லபுக்கலை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படி ஏறுகிறது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம், மேலே தேயிலை, நடுவே கொண்டை ஊசி வளைவுகள். தீவைச் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிற எவரும் ஒருநாள் இந்த ஏற்றத்துக்கு வந்து சேருவார். அதுவரை சமவெளியில் எப்படியோ இழுத்து வந்த மூட்டையை முதன்முறையாகச் சந்தேகத்தோடு பார்ப்பதும் இங்கேதான்.

எத்தனை கிலோ கொண்டுபோகலாம்? இதற்குப் பெரும்பாலும் அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். கணக்கு வைத்தும் சொல்லலாம், அது கடினமும் இல்லை. கொத்மலையின் 201 மெகாவாட் நீர்மின் நிலையம் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதே கணக்குத்தான்: எவ்வளவு எடை, எவ்வளவு உயரம். அங்கே தண்ணீர் இறங்கிச் சக்தியைத் தருகிறது. இங்கே நாம் சக்தியைக் கொடுத்து ஏறுகிறோம். ஒரு கிலோவைக் கண்டி மட்டத்திலிருந்து நுவரெலியா மட்டத்துக்குத் தூக்க ஏறக்குறைய 13,400 ஜூல் வேண்டும். ஓரளவு பழகிய ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு 100 வாட் என்று வைத்துக்கொண்டால், சுமையின் ஒவ்வொரு கிலோவும் இரண்டே கால் நிமிடத்தைக் கூட்டும். நம் உடம்பு தின்ற உணவில் கால்வாசியைத்தான் மிதிப்பாக மாற்றுகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோவை மேலே ஏற்றும் செலவு ஒரு தேக்கரண்டிச் சீனிக்குள் அடங்கிவிடும்.

இந்த விடை பலருக்கு வியப்பாக இருக்கும். 20 கிலோ மூட்டை என்றாலும் 20 தேக்கரண்டிச் சீனியும் முக்கால் மணி நேரமும்தான். இரண்டு கடைகளில் நின்று சீனி போட்ட தேத்தண்ணியும் இரண்டு பணிஸும் சாப்பிட்டால் கடன் தீர்ந்தது. அப்படியானால் சுமையைக் குறைக்கச் சொல்லி அனுபவசாலிகள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? காரணம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: வேகத்தில், சில்லில், பிரேக்கில்.

வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 65 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 20 கிலோ மூட்டை: மொத்தம் 100 கிலோ. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 100 வாட்டுக்கு இந்த வண்டி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நகரும். மூட்டையை 8 கிலோவாக்கினால் ஆறே கால். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் அது விழும் இடம் மோசமானது. ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் சைக்கிள் நேராக நிற்காது. முன்சில்லு இடமும் வலமும் அலையும், அந்த அலைச்சலைச் சமாளிக்கவே பாதித் தெம்பு போய்விடும். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும் குறுகிய வளைவில் அப்படி அலைவது ஆபத்து. இன்னும் செங்குத்தான இடத்தில் பாரச் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுவார். இலேசாக வந்தவர் ஏறிக்கொண்டிருப்பார்.

கியரும் இதோடு சேர்ந்தது. ஊரில் ஓடும் ஒற்றைக் கியர் சைக்கிள் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் ஐந்து மீட்டர் போகும். மேலே சொன்ன ஐந்தரை கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 18 சுற்று. அவ்வளவு மெதுவாக மிதிப்பது மிதிப்பே இல்லை. ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் உள்ள மலைக் கியரில் அதே வேகத்துக்கு 68 சுற்று வரும். கால்களுக்கு அது இயல்பான தாளம். ஆகவே மூட்டையைத் தீர்மானிப்பதற்கு முன் பின்சில்லின் பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. 28 பல்லுக்கு மேல் இல்லையென்றால் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இறக்கம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருவது. ஏறும்போது சிறிது சிறிதாகச் சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளியே வந்தாக வேண்டும். 8 சதவீத இறக்கத்தில் 100 கிலோ வண்டியை மணிக்கு 30 கிலோமீட்டரில் பிடித்து நிறுத்தி வைத்தால், காற்று வாங்கியது போக ஏறக்குறைய 400 வாட் வெப்பம் பிரேக்குக்குப் போகும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் அந்தச் சூடு டியூபுக்கு மிக அருகில் நிற்கிறது. நெடுநேரம் விடாமல் அழுத்திப் பிடித்தால் டியூப் வெடிக்கவும் கூடும். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் சில சுற்றுக்குச் சரியாகப் பிடிக்காது. கொத்மலைப் பக்கம் மழை அடிக்கடி வரும் விருந்தாளி. லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கு இறங்குபவர் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். 12 கிலோவைக் குறைத்தவருக்கு இந்த இடத்தில்தான் முழுப் பலனும் கிடைக்கிறது.

இலேசாகப் போவது புதிய யோசனையல்ல. உலகத்தைச் சைக்கிளில் சுற்றிய முதல் ஆளான தோமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டபோது உயர்சில்லுச் சைக்கிளில் அவர் கட்டியது மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. பத்து ஆண்டு கழித்து அனி லண்டன்டெரி என்ற பெண் அமெரிக்காவிலிருந்து கிளம்பினார். அவருடைய முதல் சைக்கிள் ஏறக்குறைய 19 கிலோ. சிக்காகோ போய்ச் சேருவதற்குள் அது போதும் போதும் என்றாகிவிட, அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். அந்தப் பயணத்தில் அவர் கொழும்பையும் தொட்டுப் போனார். 1963இல் அயர்லாந்துப் பெண் டேர்வ்லா மர்ஃபி ஐரோப்பாவிலிருந்து டில்லிக்கு மிதித்தபோது செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும்: ஆசிய வீதிகளுக்குத் தாங்காது என்று கியரைக் கழற்றிவிட்டார், மாற்று டயர்களைச் சுமக்காமல் வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். வழியில் கிடைக்காத பொருள் எது என்று யோசித்து, அதற்கு மட்டும் ஏற்பாடு செய்த புத்தி அது.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் இறம்பொடைக் கணவாய் பார்த்திருக்கிறது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையையே உண்டாக்க நினைத்து, ஆட்கள், கால்நடைகள், கலப்பைகள், வேட்டை நாய்கள் என எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். அவருடைய குதிரை வண்டி இந்தக் கணவாயில் பள்ளத்தில் உருண்டது.

இப்போது கொத்மலைக்கான தீர்மானத்துக்கு வரலாம். ஒரு பொருளைக் கொண்டுபோவதா என்று கேட்கும்போது, அது தேவைப்படுமா என்று கேட்டால் எல்லாமே தேவைப்படும் போலத்தான் தோன்றும். அடுத்து அது கிடைக்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஏ5 வீதியில் தேத்தண்ணிக் கடைக்கும் ரொட்டிக்கும் நீண்ட தூரம் மிதிக்க வேண்டியதில்லை. ஆகவே அடுப்பு, பாத்திரம், அரிசி, டின் மீன் எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு ஒரு லீட்டர் போத்தல் ஒன்று போதும். ஒரு லீட்டர் என்றால் ஒரு கிலோ என்பதை மறக்கக் கூடாது. தோட்டத்துப் பீலியில் விழும் தண்ணீர் கண்ணாடி போல இருந்தாலும் அதற்கு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் மருந்தடித்த தேயிலையும் இருக்கலாம். கொதிக்கவைத்ததை வாங்கிக் குடியுங்கள். லயத்து வாசலில் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் மலையகத்தில் இல்லை.

கூடாரம், பாய், உறக்கப்பை மூன்றும் சேர்ந்து நான்கைந்து கிலோ. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா எங்கும் தங்கும் விடுதிகள் உண்டு. தோட்டக் காணியில் கூடாரம் அடிக்க நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், சரிவில் சமதரை கிடைப்பதும் அரிது. அட்டைக் கடி வேறு. என் கருத்தில் இந்த மலைக்குக் கூடாரம் வேண்டியதில்லை. விடுதிக் காசு இல்லாத இளைஞர்களுக்கு இது பொருந்தாது என்பதும் உண்மை. அவர்கள் அந்த ஐந்து கிலோவை ஏற்றிக்கொண்டு, வேறெதையாவது குறைக்கட்டும்.

ஆனால் கருவிப் பையில் கணக்குத் தலைகீழாகும். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு. அங்கே பம்ப்கூட இல்லாமல் கிளம்பலாம். மலையகத்தில் சைக்கிள் குறைவு. செங்குத்தான தோட்டப் பாதையில் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கூடம் போகிறார்கள், பெரியவர்கள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும். ஓட்டுபவர் குறைந்த இடத்தில் திருத்துபவரும் குறைவுதான். ஆகவே பம்ப், டயர் நெம்புகோல், ஒட்டுச் சாமான், இரண்டு டியூப், செயின் கழற்றி, மாற்றுப் பிரேக் கட்டை இரண்டு சோடி, அளவு பார்த்து வாங்கிய மூன்று ஸ்போக் கம்பி ஆகியவற்றை எடை பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் அளவில் ஒரு சிக்கல் உண்டு. பழைய லுமாலா வகைச் சைக்கிளின் 28 அங்குலச் சில்லும் வெளிநாட்டுச் சுற்றுலாச் சைக்கிளின் 28 அங்குலச் சில்லும் ஒன்றல்ல. முதலாவதன் ரிம் 635 மில்லிமீட்டர், மற்றது 622. ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. 622 ரிம்மோடு மலைக்கு வருபவர் மடித்து வைக்கும் டயர் ஒன்றையும் கொண்டுவர வேண்டும்.

உடுப்பில் தட்பவெப்பம் தீர்மானிக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குறையும். வியர்த்துக் கொட்டிய கம்பளையிலிருந்து அன்று மாலையே நுவரெலியாக் குளிருக்குள் போகிறீர்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே சில நாட்கள் உறைபனிகூடப் படியும். ஓட்ட ஓர் உடுப்பு, இரவுக்கு ஓர் உடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத ஒரு மேற்சட்டை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவுகளை நேராக அடிக்கும். அப்போது இரவு உடுப்பை மட்டும் இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். ஓட்டும் உடுப்பு எப்படியும் நனையும்.

மூட்டையை எங்கே கட்டுவது என்பதும் எத்தனை கிலோ என்பதற்குச் சமமான கேள்வி. முதலில் சொன்ன மூன்றில் சில்லின் தொல்லை இங்கேதான் வருகிறது. கண்டி இராச்சிய காலத்தில் உப்பும் கருவாடும் இந்த மலைகளுக்குத் தவலம் மாடுகளின் முதுகில் ஏறின. பொதி இருபுறமும் சமமாக, தாழ்வாகத் தொங்கும். சைக்கிளுக்கும் அதுதான் விதி. எல்லாவற்றையும் பின் கரியரின்மேல் உயரமாகக் குவித்தால் ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகி அலையும், பின்சில்லின் ஸ்போக் கம்பி ஒவ்வொன்றாக அறும். அதுவும் செயின் பக்கத்துக் கம்பி, பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாற்ற முடியாதது. கருவி போன்ற கனமான சாமான் அச்சுக்கு அருகில் கீழே போகட்டும், உடுப்பு மேலே. கொஞ்சத்தை முன்சில்லின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாக வெட்டிய நாடாவைவிடச் சிறந்த கயிறு கிடையாது. வீதி குலுக்கக் குலுக்கக் கயிறு தளரும், டியூப் பிடித்துக்கொள்ளும்.

மூட்டையோடு மிதிப்பவர் இந்த வழியில் கொழுந்துச் சாக்கோடு ஏறும் தோட்டப் பெண்களைக் கடந்துதான் போக வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள்; நிறைய ஏற்றிய சைக்கிளின் மூட்டையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்கள் அதை நடந்து, சரிவில், நிறுவை இடம் வரை தூக்குகிறார்கள், எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமல். நிறுக்கும் நேரத்தில் வழியை மறித்துச் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

இனி மூட்டையைக் கூட்டிப் பார்க்கலாம். உடுப்பு இரண்டரை கிலோ, கருவி இரண்டு, மருந்தும் சவர்க்காரமும் அரை, விளக்கு, தொலைபேசி, சார்ஜர் ஒன்று, பைகளின் சொந்த எடை இரண்டு: மொத்தம் 8 கிலோ, தண்ணீர் தனி. கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் குறைவாகவே வரும். பிறகு முழு மூட்டையோடு கம்பளையிலிருந்து புசல்லாவை வரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் முன்சில்லு அலைந்தால் மூட்டையை இடம் மாற்றுங்கள். இறங்கி நிற்கும்போது ரிம்மில் விரல் வைக்க முடியாவிட்டால் எடையைக் குறையுங்கள். திரும்பும் வழியும் அதுதான் என்றால், குறைத்ததைக் கம்பளையிலேயே தெரிந்தவர் வீட்டில் விட்டுப் போகலாம்.